பிரம்பு நாற்காலிக்குப் பிறகு

மாதனூரில் வேலைச் செய்தி வாய்வழியாகத்தான் வந்து சேரும். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி, சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் இது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க டேனரிகள், ஷூ கம்பெனிகள். "கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம்" என்று காலையில் டீக்கடையிலோ குழாயடியிலோ ஒரு பேச்சு எழுந்தால், பொழுது சாய்வதற்குள் அது தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்விடும். சூப்பர்வைசரைத் தெரிந்த சித்தப்பா, ஏற்கெனவே ஸ்டிச்சிங்கில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது ஒருவர் அழைத்துப்போய்த்தான் பலரும் முதன்முதலில் கம்பெனி பஸ் ஏறியிருக்கிறார்கள். விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் பிறகு வரும் சம்பிரதாயங்கள்.

அதே தெருவில் பார்வையற்ற பிள்ளை ஒன்று இருந்தால் அதன் காதிலும் இந்தச் செய்தி விழத்தான் செய்யும். அது அந்தப் பிள்ளைக்கும் உரிய செய்தி என்று சொல்பவர்தான் இருப்பதில்லை. தமிழகத்தில் பார்வையற்றோருக்கான கல்வியும் தொழிற்பயிற்சியும் 100 ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு உடையவை. "இவர்களால் என்ன வேலை செய்ய முடியும்?" என்ற கேள்விக்கு அந்தக் காலம் முழுவதும் பலர் பல விதமாகப் பதில் சொல்லிவந்தார்கள். வேலையை எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அந்தப் பிள்ளைகளுக்கே சொல்லித்தரும் வழக்கமோ மிகவும் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தின் விலையைப் பல தலைமுறைகள் கொடுத்திருக்கின்றன.

தோல் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த வரலாற்றின் தொடக்கம் அந்நியமாக இராது. பாரிசுக்குக் கிழக்கே கூப்வ்ரே என்ற சிற்றூரில் சிமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்துப் பிழைத்தார். 1812இல் அவருடைய பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயது மகன் லூயியின் கண்ணில், தோலைத் துளைக்கும் குத்தூசி பாய்ந்தது. புண் மறு கண்ணையும் பாதித்து, சில ஆண்டுகளில் பார்வை முழுவதும் போனது. பத்து வயதில் பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்த லூயி, 15 வயதுக்குள் ஆறு புள்ளி எழுத்து முறையின் அடிப்படையை அமைத்துவிட்டார். காகிதத்தில் அந்தப் புள்ளிகளைக் குத்துவதற்கான ஸ்டைலஸ், அளவிலும் பிடியிலும் அப்பாவின் குத்தூசிக்கு நெருங்கிய உறவு.

இவ்வளவும் பள்ளிப் பாடங்களில் வருவது. அவ்வளவாகப் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. அந்தப் பள்ளியில் எழுத்தும் இசையும் மட்டும் நடக்கவில்லை. கைத்தொழில் பட்டறைகளும் இயங்கின. துணியோரங்களைப் பின்னி வீட்டுக்குள் போடும் செருப்பு செய்யும் பட்டறை அவற்றில் ஒன்று. இளம் வயதிலேயே லூயி அதன் மேற்பார்வையாளராக இருந்தார். உலகின் பார்வையற்றோர் அனைவருக்கும் எழுத்துக் கொடுத்தவர் ஒரு செருப்புப் பட்டறையில் பொறுப்பு வகித்தவர் என்பதை ஆம்பூரில் ஷூ தைப்பவர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

வாலன்தேன் ஆவி 1785இல் தொடங்கிய அந்தப் பாரிஸ் பள்ளி போட்டுவைத்த அச்சு இதுதான்: கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் இசை, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கைத்தொழில். கூடை, பாய், தறி, பிரம்பு என்று தொழில்களின் பட்டியல் ஊருக்கு ஊர் சிறிது மாறியது. அச்சு மாறவில்லை.

மிஷனரிகள் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1890இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆரம்பித்தார். தென்னிந்தியாவில் இந்தப் பணிக்கு வித்திட்டது அந்தப் பள்ளி. அரசு தன் பங்குக்குப் பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளியைத் திறந்தது 1931இல். அந்நாளில் பிள்ளைகளின் கண்ணைப் பறித்தவற்றில் பெரியம்மையும், வைட்டமின் ஏ பற்றாக்குறையில் மாலைக்கண்ணாகத் தொடங்கிக் கருவிழியையே கரைத்துவிடும் நோயும் முக்கியமானவை. இரண்டும் ஏழை வீடுகளைத் தேடி வந்தவை. படிப்பு இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குக் கைத்தொழில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் பிச்சைக்குப் போகாது என்று நினைத்தார்கள் அந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள். அந்த எண்ணத்தில் அக்கறை இருந்தது. பிச்சை ஒன்றே வழி என்றிருந்த காலத்தில் அது துணிச்சலும்கூட.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் இழப்பு ஒளிந்திருந்தது. அது கணக்கில் ஏறவேயில்லை. பள்ளிகள் எல்லாம் விடுதிப் பள்ளிகள். பாலாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஆறு வயதில் பூந்தமல்லிக்குப் போகும் பிள்ளை, பெரிய விடுமுறைக்கு மட்டும் ஊர் திரும்பும். பன்னிரண்டு ஆண்டுகளில் பிரெயில் கற்கும், பாட்டுக் கற்கும், பிரம்பு பின்னக் கற்கும். ஊரில் எந்த டேனரி புதிதாக வந்தது, எந்த முதலாளி இரக்கமுள்ளவர், எந்த மாமா எங்கே மேஸ்திரியாக இருக்கிறார் என்று மற்றப் பிள்ளைகள் காற்றோடு உள்வாங்கும் அறிவு மட்டும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. வேலைச் செய்தி வாய்வழியாகப் பரவும் வட்டாரத்தில் இது சின்ன இழப்பு இல்லை. 1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் கொண்டுவந்து, சாதாரணப் பள்ளியிலேயே இப்பிள்ளைகள் படிக்க வழி திறந்தது. அப்போது அதைப் பற்றி நடந்த விவாதம் பெரும்பாலும் கல்வித் தரத்தைச் சுற்றியே இருந்தது. ஊரோடு இருக்கும் பிள்ளைக்கு ஊரின் வேலை உலகமும் தெரிந்திருக்கும் என்ற ஆதாயம் அதே அளவு முக்கியமானது.

இரண்டாம் உலகப் போர் நிலைமையைச் சற்று அசைத்தது. பர்மாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் கண்ணிழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்காக 1943இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி தொடங்கப்பட்டது. நியூசிலாந்தைச் சேர்ந்த சர் க்ளூத்தா மெக்கன்சி அதற்குத் தலைமை ஏற்றார். முதல் உலகப் போரில் பார்வை இழந்தவர் அவர். அனுதாபத்துக்கு அங்கே வேலை இல்லை. நேற்றுவரை துப்பாக்கி பிடித்த இளைஞர்கள் இனி என்ன செய்வார்கள் என்பதே அங்கிருந்த கேள்வி. அந்த அடித்தளத்தின் மேல்தான் 1950இல் பார்வையற்ற வயதுவந்தோருக்கான பயிற்சி மையமும், 1951இல் மத்திய பிரெயில் அச்சகமும் எழுந்தன. மொழிக்கொரு பிரெயில் என்று சிதறிக் கிடந்த எழுத்துமுறைகள் அதே 1951இல் பாரதி பிரெயிலாக ஒருங்கிணைந்தன. இந்த வேலைகளுக்குப் பின்னால் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் 1947இல் சேர்ந்த லால் அத்வானி என்ற பார்வையற்ற அதிகாரி இருந்தார். பின்னாளில் டேராடூன் மையம் தேசிய நிறுவனமாக வளர்ந்து, பூந்தமல்லியிலும் ஒரு மண்டலக் கிளையைத் தொடங்கியது.

1954 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில் மத்திய அரசு பார்வையற்றோருக்கென்றே ஒரு வேலைவாய்ப்பு அலுவலகத்தைச் சென்னையில் திறந்தது. பம்பாயில் உடல் ஊனமுற்றோருக்கான சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் வந்தது 1959இல்தான். பள்ளி தொழிலைக் கற்றுக்கொடுக்கும், பிறகு ஆண்டவன் விட்ட வழி என்றிருந்த ஏற்பாட்டில், ஆலை ஆலையாக ஏறி இறங்கி வேலை கேட்பதற்கென்று ஒருவர் வேண்டும் என்று அரசு முதன்முறையாக ஒப்புக்கொண்ட இடம் அது. தமிழக வரலாற்று நூல்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் போனது வருத்தத்துக்குரியது.

அந்த வேலையின் நுட்பம் வெளிநாடுகளில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 1920கள் முதல் இதைச் செய்துவந்த ஜோசப் கிளங்க் என்பவர் பார்வையற்றவர். ஆலைக்குள் போய், மேலாளர் முன்னிலையில் தானே இயந்திரத்தில் உட்கார்ந்து வேலை செய்து காட்டுவது அவர் வழி. துளையிடும் இயந்திரம், பொருத்தும் மேசை, பெட்டி கட்டும் வரிசை என்று எங்கே கையின் தொடுவுணர்வே போதுமோ, அந்த இடங்களைக் குறித்துக்கொள்வார். "பார்வையற்றவரால் முடியுமா?" என்ற பொதுக் கேள்வியை, "இந்த மேசையில், இந்த வேலையை முடிக்க முடியுமா?" என்ற குறிப்பான கேள்வியாக்கினார் அவர். பொதுக் கேள்விக்கு மறுப்புச் சொல்வது எவருக்கும் எளிது. கண்ணெதிரே வேலை முடிந்துகொண்டிருக்கும் மேசையைப் பார்த்துச் சொல்வது கடினம்.

வேலூருக்கு இந்தப் பாடம் வேறொரு நோயின் வழியாக வந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தினார். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். தொழுநோய் இமைகளைச் செயலிழக்கச் செய்து கண்ணையே அழித்துவிடும் என்பதால், அந்தக் கண்களைக் காப்பாற்றுவதில் தன் வாழ்நாளைச் செலவிட்டவர். கை சரியாகிப் போனவர்கள் சில மாதங்களில் திரும்பிவந்து முறையிட்டதாகப் பிராண்ட் பதிவு செய்திருக்கிறார்: கை நிமிர்ந்துவிட்டதால் பிச்சை குறைந்துவிட்டது, வேலையும் யாரும் தருவதில்லை. மருத்துவம் வென்ற இடத்தில் வாழ்க்கை தோற்றுக்கொண்டிருந்தது. 1950ஐ ஒட்டி அவர் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் அமைத்து, கை சீரானவர்களுக்குத் தச்சு போன்ற தொழில்களைக் கற்றுத்தர ஏற்பாடு செய்தது இந்த அனுபவத்திலிருந்துதான். உடம்பைச் சரிசெய்வதும் பிழைப்பைச் சரிசெய்வதும் வெவ்வேறு வேலைகள் என்பதை வேலூர் தன் சொந்த நோயாளிகளிடமிருந்து கற்றுக்கொண்டது.

அதன் தொடர்ச்சியாகப் பக்கத்துக் காட்பாடியில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் 1960களில் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக ஒரு தொழிற்கூடம் அமைத்தது. அதுவே வளர்ந்து வொர்த் டிரஸ்ட் ஆயிற்று. மாற்றுத்திறனாளிகள் கடைசல் இயந்திரங்களிலும் பொருத்தும் மேசைகளிலும் நின்று உற்பத்தி செய்யும் தொழிற்சாலை அது. அங்கே தயாராகும் பொருள்களில் ஒன்று பெர்கின்ஸ் பிரெயிலர். மாசசூசெட்ஸின் பெர்கின்ஸ் பள்ளியில் டேவிட் ஆபிரகாம் என்ற மரவேலை ஆசிரியர் வடிவமைத்து 1951இல் வெளிவந்த தட்டச்சுக் கருவி அது. ஆறு புள்ளிக்கு ஆறு விசை, ஏறக்குறைய ஐந்து கிலோ எடை. பார்வையற்ற பிள்ளைகள் உலகெங்கும் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்தும் அந்தக் கருவி மாதனூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் உருவாகிறது. அதைச் செய்பவர்களுக்கு ஊதியம் தரும் தொழிற்சாலை இருக்கிறது. அதில் எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு எந்தத் தொழிற்சாலை ஊதியம் தரும் என்ற கேள்வி இந்த மாவட்டங்களிலேயே இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது.

இனி பிரம்புக்கு வருவோம். சென்ற தலைமுறைக்காரர்கள் பலருக்கும் நினைவிருக்கும்: கலெக்டர் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்த பிரம்பு நாற்காலிகள் நைந்துபோனால், ஒரு பார்வையற்றவர் வந்து வராந்தாவில் உட்கார்ந்து புதுப் பிரம்பு பின்னிக் கொடுத்துவிட்டுப் போவார். எண்கோணக் கண்கள் ஒன்றுபோல் விழும். நாட்டின் பல பகுதிகளிலும் பார்வையற்றோருக்கென்றே ஒதுக்கப்பட்டதுபோல் நடந்துவந்த தொழில் இது. பிறகு ரெக்சின் இருக்கை வந்தது, வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பின்னுவதற்கு நாற்காலி இல்லாமல் போனது. கைத்தறியை விசைத்தறி விழுங்கியது.

தொலைபேசி ஒரு புது வாசலைத் திறந்தது. வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பெரிய ஆலைகளிலும் சுவிட்ச்போர்டுக்கு முன் பார்வையற்ற ஆபரேட்டர்கள் அமர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன் எண்கள் அவர்கள் நாக்கு நுனியில் இருந்தன. மாதச் சம்பளம், மரியாதை, ஓய்வூதியம் என்று ஒரு குடும்பத்தையே நிமிர்த்திய வேலை. 1990களின் நடுவில் கைப்பேசி நுழைந்தது, தானியங்கி எக்ஸ்சேஞ்சுகள் பரவின. ஆபரேட்டர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமலே போயிற்று.

இந்தக் கதையை அருகிலேயே நடந்த தோலின் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் தொழிலும் பலமுறை தலைகீழாகப் புரண்டது. ஆவாரம்பட்டைச் சாயத்தில் பதனிட்ட தோல் ஒருகாலத்தில் இங்கிருந்து கப்பல் ஏறியது; பிறகு குரோம் பதனிடல் வந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும் அரைப்பதத் தோலுக்குக் கட்டுப்பாடும் வந்தபோது, தோலை மட்டும் விற்றுக்கொண்டிருந்த ஊர்கள் ஷூ தைக்கக் கற்றன. டேனரிக்கு ஆண்கள் போன வீடுகளிலிருந்து பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார்கள். 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றை நாசமாக்கும் டேனரிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பல ஆலைகள் மூடும் நிலைக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் தொழிலாளிகள் தவித்தார்கள். என்றாலும் ஒரு கம்பெனி மூடினால் அடுத்தது எங்கே என்று கேட்கும் வழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு தொழிலைக் கொடுத்து, இதுதான் உன் வாழ்நாளுக்கு என்று அனுப்பிவைக்கப்பட்ட பிரம்புக்காரருக்கும் ஆபரேட்டருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் போனதற்கு அவர்கள் காரணம் இல்லை, எவரும் கற்றுத்தரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சென்னை மின்சார ரயில்களில் பேனாவும் கார்டு கவரும் விற்றபடி பெட்டி பெட்டியாக நடக்கும் பார்வையற்றவர்கள், எந்தப் பயிற்சி மையமும் காட்டாத சந்தையைத் தாங்களாகவே கண்டுபிடித்தவர்கள். எந்த ரயிலில் எந்த நேரத்தில் எது விற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பார்வையற்றவர்களுக்கு வேலை தேடத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர்களை அரக்கோணம் ரயிலில் ஏற்றிவிட வேண்டும்.

சட்டம் தன் வழியில் வந்தது. 1977இல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே 3 சதவீதம் சட்ட உரிமையாகி, அதில் ஒரு சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆயிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மொத்தத்தை 4 சதவீதமாக்கியது. ஏட்டில் இருந்த ஒதுக்கீட்டை நடைமுறைக்கு இழுத்துவரப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2013 அக்டோபரில்தான் ஒதுக்கீட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதற்குத் தெளிவான தீர்ப்பு வந்தது. அதே ஆண்டில் சென்னைத் தெருக்களில் பார்வையற்ற பட்டதாரிகள் ஆசிரியர் பணி கேட்டுத் தொடர்ந்து போராடினார்கள். கல்லூரிகளில் தமிழும் வரலாறும் ஆங்கிலமும் படித்து, பி.எட். முடித்து, வகுப்பறையில் சாதித்துக் காட்டிய ஒரு தலைமுறையின் வழித்தோன்றல்கள் அவர்கள். சென்னையின் பெனோ செபைன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார், முழுமையாகப் பார்வையற்ற முதல் அதிகாரியாக. மதுரையின் பூரண சுந்தரி குடிமைப்பணித் தேர்வில் 286ஆம் இடம் பெற்றார். இந்த வெற்றிகள் எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றின.

அரசு வேலைக்கான இந்தப் போராட்டம் நியாயமானது, அவசியமானது. அதன் நிழலில் ஒரு பழக்கமும் வளர்ந்துவிட்டது. எம்ப்ளாய்மென்டில் பதிந்து வைப்பது, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புக்குக் காத்திருப்பது, இதற்குத்தான் வேலை தேடுவது என்று பெயர் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 1.27 லட்சம் பேர். அரசின் ஒரு சதவீதம் அவர்களில் சிறு பகுதியினரைத்தான் ஏற்க முடியும். மாதனூர் வட்டாரத்தில் உள்ள வேலைகளோ பெரும்பாலும் தனியார் வேலைகள். தனியாருக்குச் சட்டம் ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கவில்லை. ஊழியர்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருந்தால் ஊக்கச் சலுகை தர அரசுக்கு வழிகாட்டுவதோடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு நின்றுவிடுகிறது.

வேலை தேடுவதே கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு திறன் என்று அமெரிக்க உளவியலாளர் நேத்தன் அஸ்ரின் 1975இல் ஒரு சோதனையில் காட்டினார். வேலை இல்லாதவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, வேலை தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்ய வைத்தார். தெரிந்தவர்கள் அத்தனை பேரின் பட்டியலும் எழுத வேண்டும். தினமும் போன் செய்ய வேண்டும். நேர்காணலை ஒருவரோடொருவர் நடித்துப் பழக வேண்டும். இரண்டு மாதத்தில் குழுவில் இருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது. இந்த உதவி இல்லாமல் தேடியவர்களில் 55 சதவீதம் பேருக்கு. ஆம்பூர்த் தெருக்களில் அத்தையும் சித்தப்பாவும் இயல்பாகச் செய்வதைத்தான் அஸ்ரின் ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தார். அத்தையும் சித்தப்பாவும் நினைத்துப் பார்க்காத பிள்ளைக்கு அப்படியொரு குழு இன்னும் அவசியம். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்வைக் குறைபாடுள்ள இளைஞர்களை ஆராய்ந்த மிஷெல் மெக்டானல், பள்ளிப் பருவத்திலேயே சம்பளத்துக்கு ஏதேனும் வேலை பார்த்தவர்களுக்குப் பின்னாளில் வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார். நம் வீடுகளில் பார்வையற்ற பிள்ளையைக் கடைக்குக்கூட அனுப்பாமல் பொத்தி வளர்க்கும் அன்பு எங்கே இடிக்கிறது என்பது இங்கே புரியும்.

வேலை தேடக் கற்றுத்தரும் முறைக்கு இந்திய வடிவம் தந்தவர்களில் ஒருவர், மாதனூர் வழியே போகும் அதே நெடுஞ்சாலையின் மறுமுனையில், பெங்களூரில் இருக்கிறார். சாந்தி ராகவனின் தம்பி, விழித்திரை மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோயால் இளமையில் பார்வை இழந்தார். எம்.பி.ஏ. முடித்த பிறகும் நேர்காணல் மேல் நேர்காணலாக மறுக்கப்பட்டார். தம்பியோடு சேர்ந்து வழி தேடிய அனுபவத்திலிருந்து, கணவர் தீபேஷ் சுதாரியாவுடன் அவர் 1999இல், வேலைக்குப் பயிற்சி தரும் எனேபிள் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். உறவுக்குள் நடக்கும் திருமணங்கள் மிகுந்த தமிழகத்துக்கு அந்த விழித்திரை நோய் புதிதன்று. அம்மையும் மாலைக்கண்ணும் விலகிய பிறகு இளைஞர்களிடம் இப்போது அதிகம் பேசப்படும் காரணங்களில் ஒன்று அது.

அத்தகைய பயிற்சிகளின் முதுகெலும்பு கணினி. 1990களில் பரவிய ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் திரையில் உள்ளதைப் படித்துச் சொன்னது, ஆனால் விலை எட்டாத உயரம். 2006இல் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் என்விடிஏ மென்பொருளைத் தொடங்கி இலவசமாகவே கொடுத்தார்கள். அது தமிழும் பேசும். ஆண்ட்ராய்டு போனில் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வந்த பிறகு, வேலை விளம்பரத்தைப் படிக்க இன்னொருவர் கண்ணை எதிர்பார்க்கும் நிலை மாறியது. பிரம்பு ஒரு தொழிலைத்தான் கொடுத்தது. ஸ்கிரீன் ரீடர் எந்தத் தொழிலையும் தேடிப்போகும் வழியைக் கொடுத்தது.

கருவியைக் கற்பதோடு பயிற்சி முடிவதில்லை. பயோடேட்டாவில் பார்வையின்மையை எந்த இடத்தில், எந்தச் சொல்லில் குறிப்பிடுவது? "எப்படி வேலை செய்வீங்க?" என்று கேட்டால் லேப்டாப்பைத் திறந்து செய்து காட்டுவதா, வாயால் விளக்குவதா? வெண்கோலைப் பிடித்துத் தனியே பஸ் மாறி வர முடியும் என்பதை எப்படி நம்பவைப்பது? வீட்டில் அம்மா, "வெளியூர் எல்லாம் வேண்டாம்பா" என்றால் என்ன பதில் சொல்வது? கிண்டியில் மத்திய அரசு நடத்தும் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்புச் சேவை மையத்திலும், மதுரை சுந்தரராஜன்பட்டியில் எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் போன்ற அமைப்புகளிலும் இளைஞர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். ஜின்னாவும் பார்வையற்றவர். செய்து காட்டியவரே கற்றுக்கொடுக்கும்போது, கேட்பவருக்கு நம்பிக்கையைத் தனியாக ஊட்ட வேண்டியிருப்பதில்லை.

ஷூ கம்பெனிக்குள் என்ன இருக்கிறது? கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங் என்று நீளும் வரிசையில் கண்ணை நம்பியே நடக்கும் வேலைகள் நிறைய. பெட்டி மடிப்பது, ஜோடி சேர்ப்பது, பொட்டலம் கட்டுவது என்று கைக்குக் கட்டுப்படும் வேலைகளும் உண்டு. அதற்கு மேலே அலுவலக மாடியில் சம்பளக் கணக்கு, ஏற்றுமதி ஆவணங்கள், வெளிநாட்டு வாங்குவோருக்கு மின்னஞ்சல் என்று கணினி வேலைகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் செய்யக்கூடிய வேலைகள் எவை என்று மத்திய அரசு தன் துறைகளுக்கு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் எல்லா வகைக் குறைபாட்டினருக்கும் சேர்த்து 3,566 பணிகள் அடையாளம் காணப்பட்டன. கிளங்க் செய்ததைப் போல் தோல் கம்பெனிக்குள் மேசை மேசையாக நடந்து அப்படியொரு பட்டியல் தயாரிக்கும் வேலை இந்த வட்டாரத்தின் தொழிற்சங்கங்களுக்கும் ஏற்றுமதியாளர் அமைப்புகளுக்கும் கல்லூரிகளுக்கும் உரியது.

அதற்கான பிடி சட்டத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகளின் பட்டியலை அந்தக் கொள்கையில் குறிப்பிட வேண்டும், ஆள் எடுப்பதைக் கவனிக்க ஒரு தொடர்பு அதிகாரியையும் நியமிக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஏற்றுமதிக் கம்பெனிகள் பலவும் இந்த அளவைத் தாண்டியவை. பயிற்சி பெறும் இளைஞர்கள் போன் பேசிப் பழகும் வகுப்பில், வேலை காலியா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை இந்த விதியே எடுத்துக்கொடுக்கிறது: உங்கள் கம்பெனியின் சமவாய்ப்புக் கொள்கை எங்கே கிடைக்கும், தொடர்பு அதிகாரியின் பெயர் என்ன?